முதுகில் முடி வெட்டிய எலி

தேர்வாய் கண்டிகையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் ஒரு பெண்ணைத் தினமும் காலையில் பார்ப்பேன். பெரிய தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தான் வைத்த தகரப் பெட்டிகளில் விழுந்த சுண்டெலிகளை எடுத்து, அடையாளத்துக்கு முதுகில் கொஞ்சம் முடியை வெட்டி, "போய்ட்டு வா" என்று அங்கேயே விட்டுவிடுவார். எலிகளின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என் மகள் தவழத் தொடங்கியிருந்தாள். சமையலறையில் எலிப் புழுக்கை. மருந்து வைத்தால் குழந்தை வாயில் போட்டுவிடுமோ, வைக்காவிட்டால் எலி கடித்துவிடுமோ என்று மாறி மாறிப் பயந்தேன். கடைசியில் பொறி வைத்தேன். விழுந்த எலியின் முதுகில் அதே வெட்டு. பொறியோடு நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னா மேடம், இது உங்களுதுதானே?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாக்கா! ஊடு வரைக்கும் வந்துகினு இருக்குதா? மழ நல்லா பேஞ்சுது, புல்லு நெறைய வெத வெச்சுது, அதான் இவ்ளோ கூட்டம். வெயில்ல வெத தீந்தா தானா கொறஞ்சிடும்."

"அதுவரைக்கும் என் பொண்ண லாஃப்ட்டு மேல ஏத்தி வைக்கவா?"

மறுநாள் அவர் கம்பிவலையும் சுத்தியலுமாக வந்து, மண்டியிட்டு, எங்கள் பின்கதவின் அடி இடுக்கை அடைத்தார். சுண்டுவிரல் நுழைகிறதா என்று சோதித்துவிட்டு எழுந்தார்.

"பாப்பாவுக்கு இனிமே பயமில்லக்கா. அதுங்களுக்குத்தான் பாவம்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எலிகளுக்காக வருந்திக்கொண்டே என் கதவை அத்தனை இறுக்கமாக அடைத்தவரை எலிகளின் பக்கம் என்பதா, என் பக்கம் என்பதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.