சபாபதிக்குச் சொல்லாத பறவை

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, "அவரு ஒரு மாதிரி" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரில் உள்ள ஆம்பளைகள் கறி வாங்கப் போவார்கள், இல்லாவிட்டால் எட்டு மணிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். இவர் விடிந்ததும் விடியாததுமாகக் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, கெடிலம் ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குக் கிளம்பிவிடுவார். முப்பது வருஷமாக இதே கூத்து. தனியாகப் போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை, என்னையும் அல்லவா இழுத்துக்கொண்டு போவார்!

பேர் சபாபதி. சிதம்பரத்துக்காரர். மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே ரிட்டையரும் ஆனார். நான் பொன்னி, தேவனாம்பட்டினத்துப் பெண். என் அப்பா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் இவர் ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, சேற்றில் மேயும் உள்ளான் குருவிகளைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். "பாவம், படிச்ச புள்ள, புத்தி பெசகிப் போச்சு" என்று என் அம்மா இரக்கப்பட்டாள். உள்ளானைப் பார்க்க வந்தவர் என்னையும் பார்த்தார். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

வடக்கே குளிர் தாங்காமல் ஐப்பசி வாக்கில் இங்கே வந்து இறங்கும் பறவைகள், பங்குனியில் திரும்பிப் போகும். தை பிறந்ததிலிருந்து அவை போகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் எண்ணி எழுதுவது இவர் வேலை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. சிதம்பரத்தில் காலேஜில் பாடம் நடத்துகிற மாலதி என்ற பெண், கரையோரத்தில் இப்படி எண்ணுகிறவர்களிடமிருந்து கணக்கை வாங்கிச் சேர்த்து வைக்கிறாள். இவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். கண்ணை எடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகுமாம், அதற்குத்தான் நான். சில நாள் இவர் "எண்பது" என்பார். மத்திக் குவியலை ஒரு பார்வை பார்த்து இத்தனை என்று சொல்லும் வீட்டில் பிறந்தவள் நான், சும்மா இருப்பேனா? "நூறுக்கு மேல இருக்கும், நல்லா எண்ணுங்க" என்பேன். திரும்ப எண்ணுவார். நூற்றுப் பத்து வரும். "நீ சொன்னதுதான் சரி" என்று இவர் வாயிலிருந்து வரும் ஒரே இடம் அந்தச் சேற்றங்கரைதான்.

ஆனால் கணக்கு விஷயத்தில் மகா பிடிவாதம். ஒரு வருஷம் ஏதோ ஒரு பறவையின் கால் பச்சையா மஞ்சளா என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் யோசித்து, கடைசியில் நோட்டில் அந்த வரியை அடித்தே விட்டார். "பாக்காதத எழுதினா அது பொய்க்கணக்கு பொன்னி" என்பார். ஆபீசிலும் இப்படித்தான் இருந்திருப்பார். அதனால்தான் பிரமோஷன் வரவில்லை என்று நான் குத்திக்காட்டுவது உண்டு.

இந்த வருஷம் தை மாதம் இரண்டாவது ஞாயிறு. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி, "அந்தத் திட்டுல ஆலா நாப்பது, எழுது" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மணல் திட்டில் யாரோ வலையைக் காயப் போட்டிருந்தார்கள். வரிசையாக வெள்ளை மிதவைகள். வெள்ளையாகத் திரியும் ஆலாப் பறவையும் இல்லை, ஒரு காக்காயும் இல்லை. என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், கிண்டல் இல்லை.

வீட்டுக்கு வந்து இவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பையைத் துழாவினேன். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. கார்த்திகை மாதத்துத் தேதி. "கண்ணாடி மாத்தணுமாம்" என்று தனியாகப் போய்விட்டு வந்தாரே, அன்றைக்குக் கொடுத்தது. மெடிக்கல் ஷாப் அக்காவிடம் காட்டினேன். சர்க்கரை கண்ணுக்குள் ஏறிவிட்டதாம். ஊசி போட்டிருக்கிறார்களாம். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் மறைக்கிற விஷயமா இது? சண்டை போடத்தான் வீட்டுக்கு வந்தேன். இவர் உட்கார்ந்து பைனாகுலர் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் அடுப்படிக்குப் போய் அரிசி களைந்துகொண்டே அழுதேன்.

கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தப்பாக எண்ணுகிறோம் என்று தெரிந்த அந்த நிமிஷமே பைனாகுலரை எடுத்துப் பரணில் போட்டுவிடுவார். ரிட்டையர் ஆன மனுஷருக்கு வாரத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு ஞாயிறு. அதுவும் போனால் டி.வி. முன்னால் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே கிழவராகிவிடுவார். அதற்கு நான் விடுவதாக இல்லை. இவர் சொல்லட்டும், நான் தலையாட்டிக்கொண்டு என் கண்ணுக்குத் தெரிவதை எழுதிக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினேன். கணக்கும் பொய்யாகாது, மனுஷரும் நொடிந்துபோக மாட்டார்.

அப்படியே ஏழு ஞாயிறு ஓடியது. "பவளக்காலி பன்னெண்டு" என்பார். எதிரே முப்பது நிற்கும். முப்பது என்று எழுதிவிட்டு, "ம், எழுதிட்டேன்" என்பேன். மனசு உறுத்தத்தான் செய்தது. இன்னொன்றும் நடந்தது. முப்பது வருஷம் கூட்டத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக ஒவ்வொரு பறவையாகப் பார்க்க ஆரம்பித்தேன். தையில் சாம்பலும் வெள்ளையுமாகத் திரிந்த சின்ன உப்புக்கொத்திகளுக்கு மாசியில் மார்பு செங்கல் நிறத்துக்கு மாறியது. ஊருக்குப் போகுமுன் புதுச்சட்டை போட்டுக்கொள்கின்றன என்று இவர் வருஷா வருஷம் சொன்னதுதான். நான்தான் காதில் வாங்கியதில்லை.

மாசி மூன்றாவது ஞாயிறு அது வந்தது. தண்ணீர் வடிந்த சேற்றில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஒற்றையாய் நின்றது. கறுப்பும் வெள்ளையுமாகக் கொழுகொழுவென்று இருந்தது. மூக்கு மட்டும் நீளமாக, கேரட் நிறத்தில். அந்த மூக்கால் ஒரு சிப்பியைக் குத்தி நெம்பித் தின்றது. அம்மாடி! எங்கள் முகத்துவாரத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இவர் எங்கேயோ பார்த்து "உள்ளான் இருவது" என்றார்.

விலாவில் ஒரு இடி இடித்து, "என்னாங்க, அங்க பாருங்க" என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சொன்னால் தேடுவார், தெரியாது, குட்டு உடையும். அது ஒன்று. இன்னொன்று என் ரத்தத்தில் ஊறியது. கடலில் நல்ல மீன்பாடு கண்டவன் கரையில் வாய் திறக்கமாட்டான். மீன் கூடைக்கு வந்து சேரும்வரை கூடப்பிறந்தவனிடம்கூட மூச்சு விடமாட்டான். எங்கள் அப்பா அண்ணன் எல்லாரும் அப்படித்தான். நானும் வாயை இறுக்கிக்கொண்டு நோட்டில் எழுதினேன்: "கறுப்பு வெள்ளை ஒன்று. மூக்கு கேரட் கலர். சிப்பி தின்கிறது."

பங்குனி பிறந்ததும் மாலதி எல்லாரையும் சிதம்பரத்துக்கு வரச் சொன்னாள். மேலவீதியில் ஒரு மாடி ஹால். முப்பது பேர் இருப்பார்கள். நோட்டுப் பக்கங்களை நான் முன்பே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பஜ்ஜி, காபி எல்லாம் ஆனபிறகு மாலதி மைக்கைப் பிடித்தாள்.

"இந்த வருஷம் பெரிய சந்தோஷம் கடலூர்லேர்ந்து வந்திருக்கு. கெடிலம் முகத்துவாரத்துல சிப்பிபிடிப்பான்! நம்ம கணக்குல இதுதான் மொத தடவ. சபாபதி சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க."

ஹாலே கை தட்டியது. இவர் மெதுவாக எழுந்தார்.

"இல்லம்மா. சிப்பிபிடிப்பான நான் பாக்கல. நான் சொல்லவும் இல்ல. எங்கயோ தப்பு நடந்திருக்கு. அடிச்சிடுங்க."

கைதட்டல் பட்டென்று நின்றது. மாலதி தர்மசங்கடமாகச் சிரித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். என்ன செய்வேன்? பேசாமல் இருந்தால் இவர் மானம் தப்பும், அந்தப் பறவை இல்லாமல் போகும். வாயைத் திறந்தால் இவர் கதி? யோசிக்கத்தான் நினைத்தேன். ஆனால் என் வாய் எப்போது என்னைக் கேட்டிருக்கிறது?

"அடிக்காதம்மா! அது இருந்துச்சு. நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

அத்தனை தலையும் திரும்பியது.

"அக்கா, நீங்களா?" என்றாள் மாலதி. "சார் பக்கத்துலதான இருந்தாரு? அவரு எப்படிப் பாக்காம..."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்துகொண்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு ஹாலைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் கண்ணு சரியில்லம்மா. அதான் விஷயம். பொன்னி பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பா. எழுதிக்குங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டை ரோடு தாண்டியதும் கேட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"தையிலேர்ந்து. வல மிதவைய ஆலான்னு சொன்னீங்களே, அன்னிக்கு."

"அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"எழுதல. நான் பாத்தததான் எழுதினேன்."

தலையை ஆட்டினார். கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் பதிலுக்குக் கத்தலாம். இவர் கத்தவில்லை.

"அது நல்லதுதான் பொன்னி. கணக்கு சரியா இருக்கு. கண்ணு போறதுக்கு நீ என்னா செய்வ? ஆனா முப்பது வருஷத்துல அந்தப் பறவைய நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. அது வந்து நிக்குது. நீ பக்கத்துல உக்காந்து பாக்குற. எங்கிட்ட சொல்லலியே. சொல்லியிருந்தா, நான் கேட்டுகிட்டாவது இருந்திருப்பேனே."

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மனுஷரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, இவர் கைக்கு வந்ததைத் தட்டிப் பறித்திருக்கிறேன். அழுகை முட்டியது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா? கட்டுன பொண்டாட்டிகிட்ட மறச்சி, தனியா போயி கண்ணுல ஊசி போட்டுகிட்டு வந்த ஆளுதான நீங்க?"

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"பயமா இருந்துச்சு பொன்னி" என்றார்.

"எனக்கு மட்டும் என்னா, குளுகுளுன்னா இருந்துச்சு?"

என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "சரி, இப்ப சொல்லு. மூக்கு எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். என் விரலைக் காட்டினேன். தெரியவில்லையோ என்று அவர் உள்ளங்கையில் வைத்து அளந்து காட்டினேன். கால் என்ன நிறம், சிப்பியை எந்தப் பக்கம் குத்தியது, பறக்கும்போது றெக்கையில் வெள்ளைக்கோடு இருந்ததா என்று மஞ்சக்குப்பம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு அந்தப் பறவையைப் பற்றி இப்போது எல்லாம் தெரியும்.

பங்குனிக் கடைசி ஞாயிறு, இந்த வருஷத்துக் கடைசிக் கணக்கு. வெயில் தாழ்ந்தபிறகு போனோம். சேற்றங்கரையில் உட்கார்ந்ததும் இவர் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். நான் ஆரம்பித்தேன். அப்பா ஏலம் விடுகிற குரலில், எங்கே எது நிற்கிறது, எது குளிக்கிறது, எது எதைத் துரத்துகிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். வலை மடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பையன்கள், "அத்த, கொஞ்சம் மூச்சு வுடு" என்று சிரித்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

தெற்கிலிருந்து காற்று எழும்பியது. உப்புக்கொத்திகள் இருப்புக்கொள்ளாமல் கத்தின. ஒரே சமயத்தில் மொத்தக் கூட்டமும் எழும்பி, எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்து, வடக்கே திரும்பியது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"கெளம்பிடுச்சா?"

"கெளம்பிடுச்சுங்க." அவர் முகவாயைப் பிடித்து அந்தத் திசைக்குத் திருப்பினேன்.

"எங்க போவுது?"

"கடலோரமா, புதுச்சேரி பக்கம்."

"இன்னும் தெரியுதா?"

"தெரியுது. ஒரு கோடு மாதிரி."

"இன்னும்?"

தெரியுது என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

"இல்லங்க" என்றேன். "எனக்கும் தெரியல. போயிடுச்சு."

"எத்தினி?"

"நூத்தி அறுவத்தி நாலு."

"எழுது" என்றார். காற்றில் தாள் புரண்டது. நோட்டை வாங்கித் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் எழுதினேன்.