அரைப்பேரு

காலை ஆறு பத்துக்கு நானும் என் மனைவி வசந்தியும் கொழும்பு புறக்கோட்டையில் இரத்தினபுரி பஸ் ஏறினோம். நூறு கிலோமீட்டர். அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் தீபாவளி கிரிக்கெட். கொழும்பில் கம்பனி அணிக்கு ஆடுகிறவன் நான். மாமனார் வீட்டார் முன்னால் ஒரு சிக்ஸராவது அடித்துக் காட்டுவதென்று கையுறை முதற்கொண்டு கட்டிக்கொண்டு போனேன்.

இரத்தினபுரியில் பஸ் மாறி, பதினொன்றரைக்கு நிவித்திகல. அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ எழுநூறு ரூபாய். பையைப் பார்த்த டிரைவர், “மேட்ச் வெளையாடவா? யோகன் இருக்காரு, பாத்துக்கங்க” என்றார். யோகன் வசந்தியின் அத்தை மகன். அந்தப் பெயர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு ஆகாது.

மதியம் இரண்டு மணி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் ஒரு மண் திடல், அவ்வளவுதான் மைதானம். ஒரு பக்கம் மழைநீர் ஓடும் கான், மற்ற மூன்று பக்கமும் தேயிலை. தேயிலை நிற்கும் இடத்தை அங்கே மலை என்பார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் சட்டம் அவன் புத்தகத்தில் கிடையாது. தோட்டத்தில் வேலை வாங்குகிறவருக்குப் போலவே நடுவருக்கும் பெயர் கங்காணி. பந்து மலையில் விழுந்தால் செடியை மிதித்துத் தேட வேண்டும். ஆகவே அந்த அடிக்கு அரை ஓட்டம்தான். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைய வேலையை அரை நாளாக எழுதுவார்களே, அதே பெயர் இதற்கும்: அரைப்பேரு. துரைமார் போட்ட சட்டத்தைத் துரைமார் ஆட்டத்தின் மேலேயே போட்டுவிட்டார்கள். நான் சிரித்துவிட்டு அதை மறந்தும் போனேன்.

எதிரணிக்கு யோகன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். மட்டையை ஓங்கவே இல்லை. இலேசாகத் திருப்பிப் பந்தைக் கானுக்குள் தட்டிவிட்டார். அது சரிவில் உருண்டுகொண்டே போக, நாங்கள் பின்னால் ஓட, நாலு ஓட்டம். “அப்படிப் போடு மச்சான்!” என்று வசந்தி எழுந்து நின்று கத்தினாள். ஆறு வருஷக் குடித்தனத்தில் எனக்காக அவள் ஒரு தடவை கத்தியதில்லை. வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

நாலு மணி. கடைசிப் பந்து, எங்களுக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். வசந்தி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓங்கி அடித்தேன். என் ஆயுளிலேயே அழகான அடி அதுதான். பந்து நாலாவது வரிசைத் தேயிலையைத் தாண்டி விழுந்தது. கங்காணி ஒரு விரலைத் தூக்கி, பாதியாக மடக்கிக் காட்டினார்.

“அரைப்பேரு!”

தோற்றோம். யோகன் வந்து தோளில் கை போட்டார். “அண்ணே, கொழும்புல அது சிக்ஸ்தான். கவலப்படாதீங்க.” மரியாதையாக வேறு பேசித் தொலைத்தார்.

ஐந்தரைக்குத் திரும்பும் பஸ்ஸில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “உன் மச்சான் அந்தக் கான் அடியை எங்கே படிச்சாராம்?”

“நான்தாங்க பழக்கினேன். மொதமொதல்ல கானுக்குள்ள தட்டினதே நான்தான். பள்ளிக்கூடம் போற காலத்துல நான் நின்னா அவுட்டாக்க ஆளில்ல.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க என்னைக்குக் கேட்டீங்க? ஒங்க சிக்ஸ் கதையத்தானே ஆறு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

கொழும்பில் எங்கள் மைதானம் சமதளம், நல்ல புல். கான் கிடையாது. யோகன் மேல் இருந்த எரிச்சல் இரத்தினபுரி வருவதற்குள் போய்விட்டது. இப்போது என் பொறாமையெல்லாம், வசந்தி மட்டை பிடித்து நின்றதைப் பார்த்த அந்த லயத்து ஆட்கள் அத்தனை பேர் மேலும்தான்.