கட்டில்காலில் கட்டிய குட்டி

பதினாலு வயதில் எனக்கு வந்த தூக்கம் மனுஷத் தூக்கமே இல்லை. அதற்கு முந்தின வருஷம் வரை சேவல் கூவுமுன் எழுந்து வாசல் தெளித்தவள்தான் நான். அந்த வருஷம் என்ன ஆனதோ, ஊரெல்லாம் அடங்கிய பிறகும் கொட்டக் கொட்ட முழித்துக் கிடப்பேன். விடியப்போகும் நேரத்தில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன். கோவில்பட்டிக்குப் போகும் முதல் பஸ்ஸோ கருக்கலிலேயே எங்கள் ஊர் விலக்கில் வந்து நிற்கும். அதை விட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

அம்மா தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், காதைத் திருகிப் பார்த்தாள். "பொம்பளப் பிள்ளைக்கு என்னட்டி இப்படி ஒரு மூதேவித் தூக்கம்?" அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. மூன்றாம் தடவை நான் பஸ்ஸை விட்ட அன்று, ஆடுகளைப் பத்திக்கொண்டு கிளம்புகையில் சொன்னார்: "இன்னொரு நாளு இவ பஸ்ஸ விட்டா படிப்ப நிறுத்திருவோம். ஆகவேண்டியதப் பாப்போம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரிசல்காட்டு வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் அலைவதைவிட அல்ஜீப்ரா எவ்வளவோ தேவலை என்று எனக்குத் தெரியும்.

என்னைவிட அரண்டு போனவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்து ஆடு மேய்த்தவர், கல்யாணம் ஆகாதவர். "நீ கவலப்படாத தாயி, ஒன்ன எழுப்புறது என் பொறுப்பு" என்று, பால்குடி மறக்காத குட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டில்காலில் கட்டினார். அது கட்டிலில் ஏறி என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. காலையில் இரண்டு பேரையும் அம்மாதான் உலுக்கி எழுப்பினாள். தலைகூடச் சீவாமல் ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன்.

மாமா விடுகிறவரா? மறுநாள் சாயங்காலம் குட்டியைத் தாயிடம் பால் குடிக்க விடவில்லை. விடியக் கருக்கலில் பசி தாங்காமல் அது கத்தியது பாருங்கள், பட்டியிலிருந்து தாய் பதில் கொடுக்க, தாய்க்கு மற்ற ஆடுகள் பதில் கொடுக்க, தெருவே எழுந்து உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் "ஏலே, பட்டிக்குள்ள நரி பூந்துட்டா?" என்று கம்போடு ஓடி வந்தார். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான்; ஒரு குட்டி பால் மறந்தால் மாமா அடுத்ததைக் கட்டுவார். குட்டியை நான் தாயிடம் கொண்டுபோய் விட்டால்தான் சத்தம் ஓயும். விட்டுத் திரும்புவதற்குள் என் தூக்கம் போய்விடும். பிறகு வருஷம் முடிய ஒரு நாள்கூட நான் பஸ்ஸை விடவில்லை. தெரு என்னைத் திட்டிக்கொண்டே எழுந்தது. மாமாவுக்குப் படிப்பின்மேல் எவ்வளவு பிரியம் என்று உருகிப்போனேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பரீட்சை முடிந்த கோடையில் மாமாவுக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் குளத்தூர். முன்பே கழுகுமலைத் திருவிழாவில் பார்த்து மனசில் வைத்திருந்தவளாம். முகூர்த்தம் விடிகாலையில். அரைத் தூக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் புது அத்தை கிட்டக் கூப்பிட்டு, கன்னத்தைத் தடவி, காதோடு சொன்னாள்: "நீ மட்டும் பஸ்ஸ விட்டிருந்தன்னா, இந்த மாலை ஒங் கழுத்துக்குல்லா வந்திருக்கும். நல்லாப் படி தாயி."

பஸ்ஸுக்கும் மாலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. யோசித்துக்கொண்டே இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுப் பந்தலிலேயே தூங்கிப்போனேன்.