கிரேன் உச்சியில் ஒரு ‘நோங்க’

பதினைந்து மாடி உயரத்தில், கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் கிரேனின் மோட்டார் அறைக்குள், ஒரு மின்சாரப் பெட்டியின் முன்னால் நின்று ‘நோ’ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. தோளுக்கு மேல் வளர்ந்த மகன் இருக்கிறான். ‘நோ. சாரி, நோ. ஆக்சுவலி, நோங்க.’ எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த ‘ங்க’ வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கே ரோஷம் வந்துவிட்டது. கையை ஓங்கிப் பெட்டியைப் பார்த்து, ‘நோ!’ என்று கத்தினேன். திரும்பினால் கதவோரம் ஹெங்க். என்னோடு வேலை செய்யும் டச்சுக்காரன். கையில் ஸ்பானரோடு, ரொம்ப அக்கறையாகக் கேட்டான்: “அந்தப் பெட்டி உன்னிடம் என்ன கேட்டது?”

பெட்டி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவள் எங்கள் மேனேஜர் மரைக்கா. பெயரை முதலில் கேட்டபோது கீழக்கரைப் பக்கத்து மரைக்காயர் வீட்டு அம்மாவாக இருக்கும் என்று நானும் ஆசையாகத்தான் போனேன். வந்து நின்றது ஆறடி உயர நெதர்லாந்துக்காரி. இந்த நாட்டில் ‘இல்லை’ என்பதற்கு ‘நே’ என்பார்கள். பல் விளக்குமுன் ஒருவருக்காவது ஒரு ‘நே’ சொல்லிவிட்டுத்தான் எழுவார்களோ என்று தோன்றும். ரொட்டிக் கடைப் பெண் சொல்வாள், பஸ் டிரைவர் சொல்வார், பக்கத்து வீட்டு நாலு வயசுக் குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லும். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். மனசில் ஒன்றும் இருக்காது. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது.

மரைக்கா கேட்டது இது. எங்கள் ஏழாம் நம்பர் கிரேன் கிழம். அதன் மோட்டார்களை ஓட்டும் பழைய டிரைவ் பெட்டிகளைப் பிடுங்கிவிட்டு, புதிய பெட்டிகள், புதிய கேபிள்கள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் புதிய கம்ப்யூட்டர் என்று மாற்றிக்கொண்டிருந்தோம். இதைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்வதைவிட, நாங்கள் நரைத்துப்போகிறோம் என்று சொல்லலாம். காற்று கொஞ்சம் அதிகமானால் மேலே ஏறக்கூடாது. காற்று நின்றால் மழை. மழை நின்றால் லேசர் சென்சார் கண்ணாடியில் கடற்காக்கை கழித்து வைத்திருக்கும், கிரேன் எதிரே இன்னொரு கிரேன் நிற்பதாக நினைத்து நகர மறுக்கும். அதைத் துடைக்க இத்தனை படி ஏறி இறங்கி என் முழங்கால் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டது. எல்லாம் முடிந்து எடைக்கட்டியைத் தூக்கிப் பார்க்கும் வாரம்தான் முக்கியம். கூட்டத்தில் மரைக்கா என்னைப் பார்த்து, “எடைச் சோதனை வாரத்தில் நீ இருப்பாய், இல்லையா?” என்றாள். நான் தலையை ஆட்டி, “ஓகே, ஓகே” என்றேன்.

அந்த வாரம் உடுமலைப்பேட்டையில் என் அக்கா மகள் கீர்த்திக்குக் கல்யாணம். கூடப் பிறந்த தாய்மாமன் நான் ஒருத்தன்தான். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் சட்டைக் காலரைக் கடித்துக் குதறியவள் அவள். சீர்த் தட்டு எடுத்துப்போய் மாலை போட்டு மணவறைக்கு அழைத்துவர வேண்டியவன் நான்.

பிறகு ஏன் ஓகே சொன்னாய் என்று கேட்கிறீர்கள். பெருந்துறைச் சிப்காட்டில் சாயப்பட்டறை மோட்டார்களோடு காலம் தள்ளியவன் நான். அங்கே மேனேஜர் வந்து, “ஏனுங்க செல்வராசு, சாயங்காலத்துக்குள்ள மோட்டார் ஓடிருமுங்களா?” என்பார். “ஆகட்டு...ங்க, பாக்கலாங்க” என்பேன். அதைக் கேட்டதும் அவர் பேசாமல் போய், அடுத்த மெஷினில் துணியைப் போடச் சொல்லிவிடுவார். நான் முடியாது என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ‘ஆகட்டுங்க’வை வெட்டிச் சொன்னால் நடக்கும். கொஞ்சம் இழுத்தால் சந்தேகம். கூடவே ‘பாக்கலாங்க’ சேர்ந்தால் அன்றைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் ‘ஓகே’யும் அந்த ஜாதிதான். காதில் விழுந்தது, யோசிக்கிறேன் என்று அர்த்தம். ஆனால் ஓகேவை இழுக்க வழியில்லை. கிரேனை எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் மாதிரி, பட்டால் பட்டதுதான். மறுநாள் சுவரில் மாட்டிய வேலை அட்டவணையில் சோதனை வாரத்துக்கு நேரே பச்சை மையில் என் பெயர் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மோட்டார் அறை ஒத்திகை.

ஹெங்கிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆறுதல் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தான். துறைமுகத்தின் எங்கள் பகுதி முழுக்கக் கேட்கும் சேனல் அது. “மரைக்கா, செல்வா உன்னிடம் நோ சொல்ல இங்கே மேலே பயிற்சி எடுக்கிறான்.”

கொஞ்ச நேரம் கரகர என்று சத்தம். “எதற்கு நோ?”

ஹெங்க் கருவியை என் வாயருகே நீட்டினான். நான் பழகியதெல்லாம் பறந்துபோய்விட்டது. “சாரி மேடம், மை சிஸ்டர் டாட்டர் மேரேஜ், தட் வீக், ஐ ஆம் அங்கிள்...”

“அப்படியானால் போ. ஏன் ஓகே சொன்னாய்?”

“அது வேற ஓகேங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கிரேன் டிரைவர் ஒருவன் சேனலில் வாய்விட்டுச் சிரித்தான். அவ்வளவுதான். வாரக்கணக்கில் மனசில் போட்டு உருட்டிய விஷயம், எச்சில் விழுங்கும் நேரத்தில் முடிந்தது. அவள் கோபித்திருந்தாலாவது தூக்கமில்லாமல் புரண்டதற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

கீழே இறங்கியதும் அக்காவுக்கு நெட்டில் போன் போட்டேன். “அக்கா, லீவு வாங்கிட்டேன்! வாரேன்!”

அந்தப் பக்கம் அக்கா மெதுவாக, “நீ வர மாட்டீன்னு அன்னூர் செந்திலுகிட்ட மால போடச் சொல்லிப்போட்டமே சாமி” என்றாள். செந்தில் எங்கள் பெரியப்பா மகன், என்னைவிடச் சின்னவன். முறைக்கு அவனும் தாய்மாமன்தான்.

“வர மாட்டேன்னு நான் எப்பக்கா சொன்னேன்?”

“மால போட வருவியல்லன்னு கேட்டதுக்கு, ஆகட்டு...ங்க்கான்னு இழுத்தியே? அந்த இழுப்புலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“நான் இழுக்கலக்கா! நெட்டு இழுத்துச்சு!”

“நெட்டு இழுத்துச்சோ, நீ இழுத்தியோ. அவங்கூட்டுக்கு நேர்ல போயி, தாம்பாளத்துல வெத்தல பாக்கு வெச்சு அழச்சுப்போட்டு வந்துட்டோம். இப்பப் போயி வேண்டாமுன்னு எப்புடிச் சொல்றது?”

நியாயமாக அந்த இடத்தில் நான், ‘முடியாதுக்கா, மாலை நான்தான் போடுவேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். காலையில்தான் கற்றுக்கொண்ட வித்தை, சூடு ஆறவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது, “ஆகட்டுங்க்கா.” இந்த முறை நெட்டு துளிகூட இழுக்கவில்லை.

உடுமலை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ரோட்டர்டாமில் வாங்கிய ஷூவைக் கழற்றினால் நடக்கக் கூசியது, போட்டால் மேடையேற முடியாது. கீர்த்தி என்னைப் பார்த்ததும், “மாமா! நெசமாலுமே வந்துட்டீங்களா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வருவேன் என்று அவள்கூட நம்பவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கியது. செந்தில் பட்டு வேட்டியோடு, தட்டில் மாலையை வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நல்ல பிள்ளை அவன்.

“ஏனுங்ணா, நீங்களே போட்ருங்க. மொறைன்னா உங்குளுதுதானுங்.”

“பரவால்ல செந்திலு, நீயே போடு” என்றேன்.

இதில் நான் செய்தது என்ன தப்பு? எங்கள் பக்கத்தில் யாராவது எதையாவது நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். நீட்டியவர், “அட, என்னங்க நீங்க” என்று இன்னொரு தடவை வற்புறுத்துவார். காபியோ மாலையோ, அதன் பிறகுதான் கை நீட்டலாம். முதல் தடவையே வாங்கிக்கொள்பவனைப் பறக்காவட்டி என்பார்கள். செந்தில் அடுத்து அந்த ‘அட’வைச் சொல்லியிருக்க வேண்டும். அவன், “செரிங்ணா” என்றான். திரும்பினான். படியேறினான். பாதி தூரம் நீண்டுவிட்ட என் கையைத் திருப்பிக் கொண்டுவந்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

மேளம் உச்சத்துக்குப் போனபோது சட்டைப் பையில் போன் துடித்தது. மரைக்கா. ஏழாம் நம்பர் எடைக்கட்டியைத் தூக்கியபடி நிற்கிற படம், கீழே ஒரு வரி: ‘பிரச்சினையே இல்லை. நீ தேவைப்படவில்லை.’ அவள் ஊரில் இது நல்ல சேதி, கவலைப்படாதே என்று பொருள். நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் செந்தில் மாலையைப் போட்டுக்கொண்டிருந்தான், கீர்த்தி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருந்தாள். கிரேன் அங்கே தூக்கிவிட்டது, மாலை இங்கே விழுந்துவிட்டது. இரண்டு இடத்திலும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நான் நாற்காலி வரிசைக்கு நடுவில், ஒரு கையில் போனும் இன்னொரு கையில் அட்சதையுமாக, எதை முதலில் போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

பந்தியில் செந்தில்தான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தான். என் இலையருகே குனிந்தபோது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

“ஏஞ் செந்திலு, இன்னொருக்கா கேட்டிருக்கலாமுல்ல?”

அவன் ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: “நம்மூரு ஆளா இருந்தாக் கேட்டிருப்பேனுங்ணா.”