தட்டு காலியாகும் நாள்

மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பது அவர் தொழில். கடைவீதியில் இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடியைக் கழற்றி மாட்டிய பிறகு மேசையில் ஒரே ஒரு திருகாணி மிஞ்சினாலும் அவர் அதைக் கொடுக்க மாட்டார். மறுபடியும் முழுக்கக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பார். "பரவாயில்ல சார், மூக்குல நிக்குது, குடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தவர்கள் நிறைய. மனிதர் மசிந்ததில்லை. எறும்புத் தலை அளவு திருகாணிக்காக ஒரு கல்யாண மாப்பிள்ளையையே முக்கால் மணி நேரம் காக்க வைத்தவர். அதனால் தெருவில் அவருக்குத் திருகாணி என்றே பெயர் விழுந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் அவருக்குத் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதர், நாலு வருஷத்துக்கு முன்னால், கடைக் கதவுக்கு ஒரு பழைய கீல் வாங்கிவர இரும்புக்கடைக்குப் போனார். கீலை மறந்துவிட்டு ஒரு மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தார். அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. அதாவது, அதன் எஞ்சின் அப்போது செய்தது. அதைத் தாங்கும் சட்டகம் வேறொரு வண்டியுடையது, முன் சக்கரம் மூன்றாவது வண்டியுடையது. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டபோது விற்ற இரும்புக்கடைக்காரரே கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "ஓடுற வண்டிங்க" என்றார். அதுவும் அப்போது ஓடவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார்.

வண்டி நேராகப் பின் அறைக்குள் போயிற்று. அது அவர் மனைவியின் தையல் அறையாக வேண்டிய அறை. அந்தம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். மிஷின் அன்றிலிருந்து கூடத்து ஜன்னலோரம், துணி மூட்டை கட்டிலுக்கடியில். "வண்டி முடியட்டும். ரூம் உனக்குத்தான். உன்னைப் பின்னாடி உட்கார வெச்சு உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அந்தம்மாவும் நம்பி, போன இடத்தில் அக்காவிடம் சொல்லியும் வைத்தார். அங்கேதான் வந்தது வினை. அதற்குப் பிறகு எப்போது போனாலும் அக்கா வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பார். பிறகு, "என்னடி, பஸ்லயா வந்தீங்க?" என்பார்.

கடைச் சட்டம்தான் வண்டிக்கும். கழற்றுவது எல்லாம் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் போகும். மாட்ட மாட்டத் தட்டு காலியாக வேண்டும். தட்டு காலியானால்தான் கிக்கரில் கால் வைப்பார். "மிச்சம் வெச்சுக்கிட்டு உதைச்சா அது வண்டி இல்ல, விபத்து" என்பார். நாலு வருஷத்தில் ஒரு உதைகூட உதைக்கவில்லை என்பதிலிருந்தே நிலவரம் புரிந்திருக்கும்.

முதல் தடவை முழுக்க மாட்டி முடிக்க எட்டு மாசம் ஆயிற்று. தட்டைப் பார்த்தார். இரண்டு நட்டும் ஒரு திருகாணியும் கிடந்தன. பெருமூச்சு விட்டார், எஞ்சின் வரை கழற்றினார். இரண்டாவது தடவை மிஞ்சியது நாலு. மூன்றாவது தடவை ஐந்து, அதில் ஒன்றை அவர் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. ஒரு நோட்டுப் போட்டார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் படம் வரைந்து நம்பர் கொடுத்தார். நோட்டில் இல்லாத நட்டுகள் தட்டில் இருந்தன. மூன்று வண்டியைச் சேர்த்த வண்டி, பார்த்துத் தெரிந்துகொள்ளப் புத்தகம் கிடையாது, எந்த ஓட்டையில் எது இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தன் நோட்டுதான் தப்பு என்று நினைத்தாரே தவிர, தட்டைச் சந்தேகப்படவில்லை. அப்படி ஆறு தடவை கழற்றியாயிற்று.

இதற்கிடையில் வீடு தன்பாட்டுக்கு ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. குக்கர் கைப்பிடி சுற்றியது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஒரு பக்கமாகத் தொங்கியது. மின்விசிறி பேச ஆரம்பித்தது. கூடத்து நாற்காலியில் வீட்டு மனிதர்கள் உட்காருவதை விட்டுவிட்டார்கள். தையல் மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் கழன்றுவிட, அந்தம்மா அதை நூலால் இறுக்கிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "வண்டி முடியட்டும்."

ஒருநாள் நூல் அறுந்து, பாதம் நழுவி, வாடிக்கைக்காரப் பெண்ணின் பட்டு ரவிக்கையை மிஷின் மென்றுவிட்டது. அந்தம்மா போனை எடுத்து இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து நீங்க வித்ததை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னார்: "தட்டு காலியாச்சுன்னா வண்டி இருக்கும். இல்லன்னா எனக்கு ரூம் இருக்கும். ரெண்டுல ஒண்ணு."

முதல் தடவையாகக் கண்ணாடிக்கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. மனிதர் சோறு தண்ணி மறந்து வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குக் கடைசி நட்டை முடுக்கிவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தார்.

ஏழு.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு தட்டைப் பார்த்து அழுவது அழகில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் அழுகை வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து அதைத் தரையில் வைத்தார்.

இரும்புக்கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நல்ல கனத்த உடம்பு. "அதுல உட்காராதீங்க" என்று அந்தம்மா சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலியோடு தரைக்குப் போய்விட்டார். விழுந்த இடத்தில் அவர் கண்ணுக்கு நேராகத் தட்டு இருந்தது. அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டே அதிலிருந்து ஒரு நீள போல்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"இது ஏது சார்?"

"வண்டியோடது. எங்க போகுதுன்னுதான் தெரியல."

"நான் குடுத்த வண்டில மரத்துக்குப் போடுற போல்ட்டு எதுக்கு இருக்கப் போகுது?"

கவிழ்ந்து கிடந்த நாற்காலியின் காலில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. போல்ட்டை அதில் வைத்தார். வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று.

"இதை யாரு என் தட்டுல போட்டது?" என்று கேட்டார் திருகாணி.

"நான்தான்" என்றார் அந்தம்மா, கையில் துடைப்பத்தோடு. "பெருக்கும்போது கிடைக்கிறதெல்லாம் அதுலதான் போடுவேன். வீட்டுல இரும்பு கீழ கெடந்தா அது உங்களோடதுதானே. இந்த நாலு வருஷத்துல ஒண்ணையாவது குப்பையில போட்டிருப்பேனா?"

குரலில் குற்ற உணர்ச்சி ஒரு துளி இல்லை, பாராட்டை எதிர்பார்க்கிற தொனிதான் இருந்தது. அவர் கோபப்பட வாயைத் திறந்தார். அதற்குள் மனசு பின்னால் போய்க் கூட்டிப் பார்த்துவிட்டது. அப்படியென்றால் வண்டி முதல் தடவையே சரியாக இருந்திருக்கிறது. குக்கருக்கும் தாழ்ப்பாளுக்குமாக எஞ்சினை ஆறு தடவை பிரித்திருக்கிறார். வண்டி முடிந்தால் வீட்டை முடுக்கலாம் என்றிருந்தார். வீட்டை முடுக்காததால் வண்டி முடியவில்லை. திறந்த வாய் திறந்தபடி இருந்தது. முதலில் சிரித்தது இரும்புக்கடைக்காரர்தான். தரையில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பிறகு மூன்று பேருமாக, தட்டை ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்கள். குக்கர் கைப்பிடிக்கு ஒன்று. தாழ்ப்பாளுக்கு இரண்டு. ஸ்டூல்மேல் ஏறி இரும்புக்கடைக்காரர் முடுக்கியதும் மின்விசிறி வாயை மூடிக்கொண்டது. அலமாரிக் கண்ணாடிக்கு ஒன்று. கடைசியாக ஒரு சின்னத் திருகாணி மிஞ்சியது. கண்ணாடிக்கடைக்காரர் தன் கடைக் கருவியை எடுத்து வந்து, மிஷின் முன்னால் குனிந்து, நூல் கட்டை அறுத்துவிட்டுப் பாதத்தை வைத்துத் தானே முடுக்கினார். அந்தம்மா ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தார். தையல் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. அதை விரலால் தடவினார்.

"ரெண்டு வருஷமா நூல் கட்டித் தெச்சிருக்கேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். வண்டி முடியட்டும்னீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. தட்டைத் துடைத்தார். நாலு வருஷக் கிரீஸுக்கு அடியில் ஒரு பூப் படம் தெரிந்தது.

"ஐயோ, இது என் தட்டு" என்றார் அந்தம்மா. "எங்கெல்லாம் தேடினேன்."

வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். முதல் உதைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது உதைக்கு இருமியது. மூன்றாவது உதைக்குக் கிளப்பிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன, புகையில் மூடிக்கொண்டன. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தம்மா நல்ல புடவைக்கு மாறி, கொல்லைத் தாழ்ப்பாளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்தார்.

அப்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் அந்தக் காதுக்கு மட்டும்தான் அது கேட்கும்.

"என்ன விழுந்துச்சு?" என்றார் அவர், திரும்பாமல்.

அந்தம்மா குனிந்து பார்த்தார். நம்பர் பலகை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சிமென்ட் தரையில் ஒரு திருகாணி பளபளவென்று கிடந்தது. இரும்புக்கடைக்காரரும் பார்த்துவிட்டார். சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தபடி, செருப்புக் காலை இறக்கித் திருகாணிமேல் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் விழல. நீங்க வண்டிய எடுங்க. அக்கா காத்துட்டிருப்பா."

வண்டி நகர்ந்தது. அந்தம்மா காலை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த இடத்தில் இரும்புக்கடைக்காரர் தன் காலை வைத்துக்கொண்டு, வண்டி தெருமுனை திரும்பும் வரை கையசைத்துக்கொண்டு நின்றார்.