கூண்டுக் கௌதாரி கூப்பிட்டபோது

இன்று விடியற்காலை, பண்பொழி மலையடிவாரத்துக்கு மகளை முதல்முறையாகக் கௌதாரி பிடிக்கக் கூட்டிப்போனேன்.

வளர்ப்புக் கௌதாரியைக் கூண்டோடு வைத்தேன். அது கூப்பிட்டால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும், சுற்றியுள்ள கண்ணியில் சிக்கும்.

புதரில் ஒளிந்தோம். "ஏட்டி, அசையக் கூடாது."

கூண்டிலிருந்து குரல் எழுந்தது. பாறைப் பக்கமிருந்து பதில் நெருங்கி வந்தது. சட்டென்று இரண்டும் அடங்கிவிட்டன.

மகள் என் சட்டையைப் பிடித்தாள். "எப்பா, நமக்குப் பின்னால யாரோ மூச்சு விடுதாங்க."

வெயில் ஏறும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கூண்டைக்கூட எடுக்காமல் கிளம்பினோம். வந்த வழியில், ஓடை மணலில் காலையில் பதிந்த எங்கள் காலடித் தடங்களின் மேலேயே சிறுத்தையின் தடம்.

வண்டியில் வரும்போது கேட்டாள். "எப்பா, காட்டுக் கௌதாரியக் கூண்டுக் கௌதாரி கூப்பிட்டுது. நம்மள அங்கன யாரு கூப்பிட்டா?"

பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, எடுக்கப் போகத் துணைக்கு யார் வருகிறீர்கள்?