மாதத்துக்கு இரண்டு டைல்

என் தங்கை புருஷன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கெட்ட பழக்கம் என்று ஒன்று கிடையாது. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், ஊர் வம்புக்குப் போக மாட்டார். வாங்குவார், அவ்வளவுதான். கையில் காசு வந்தால் கை அரிக்கும். வானத்தைப் பார்க்க ஒரு தொலைநோக்கி வாங்கினார். அவர்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், அதுவும் மிகத் தெளிவாகத் தெரியும். மீன் தொட்டி வாங்கினார், அதில் இன்றுவரை மீன் நீந்தியதில்லை. ஓட்டைக்கை என்று அவருக்குப் பேர் வைத்தது நான்தான். தெருவே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது.

நான் பக்கத்து அறையில் சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் மெஷினைச் சுழலவிட்டால் என் கடைக் கண்ணாடி ஆடும். கத்தி வேலை நடக்கும்போது நான் சுவரில் தட்டுவேன், அவர் நிறுத்துவார். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் தலையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரே சபதத்தைச் செய்வார்.

"மச்சான், இந்த வருஷம் எப்படியாவது பெரிய ஆளாயிடணும்."

"எவ்ளோ பெரிய ஆளு மாப்ள?"

"நல்லா பெரிய ஆளு."

"எப்போ?"

"சீக்கிரமா."

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று சொல்லி நான் தலையில் தண்ணீர் தெளிப்பேன். அவரும் சிரிப்பார். அடுத்த வாரம் ஏதாவது ஒரு அட்டைப் பெட்டி வந்து இறங்கும்.

என் தங்கை இதற்கு நேர் எதிர். பற்பசைக் குழாயை வெட்டி உள்ளே இருப்பதையும் வழித்து எடுக்கிறவள். அப்போது மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் போனால் சாயங்காலம் வரை நின்றபடி வேலை. அந்தக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறி மாதிரித் தெரியுமாம், முதலாளியின் கண்டுபிடிப்பு இது. அந்த முதலாளி என்னிடம் தலை வெட்டிக்கொள்ள வருவதில்லை, அது அவருக்கு நல்லது.

எங்கள் இரண்டு அறைக்கும் சொந்தக்காரர் மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். ஒருநாள் அவரே கீழே இறங்கி மெஷின் கடைக்கு வந்தார்.

"மூணு வருஷத்துல கிளினிக்கை மூடிட்டு மகள்கிட்டப் போயிடலாம்னு இருக்கேன். சலூன் ரூம் வாடகைக்கே இருக்கட்டும். இந்த ரூமை வித்துடப் போறேன். மெத்தைக் கடைக்காரர் கேக்கறார். ஆனா நீங்க இத்தனை வருஷமா இருக்கீங்க. நான் கிளம்புறதுக்குள்ள பணம் தயார் பண்ணீங்கன்னா இன்னைக்கு விலைக்கே உங்களுக்குத்தான்."

"வாங்கிடுவோம் சார்" என்றார் மாப்பிள்ளை. யோசிக்கவே இல்லை. கடைக்காரன் விலை சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிப் பழகிய மனிதர்.

நான் சிரித்தேன். என் தங்கை சிரிக்கவில்லை. இந்த அறை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயும் வடிகாலும் உள்ள கடை கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் ஊர்க்கோடியில் கிடைக்கும். அங்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? அவள் வங்கிக்குப் போய்க் கேட்டாள். பாதி விலைக்குக் கடன் தருவோம், மீதிப் பாதியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்தப் பாதியே எங்களைப் போன்றவர்களுக்கு மலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தாள். மெஷின்களை எல்லாம் ஓரமாக நகர்த்தச் சொன்னாள். சேலையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு டைல்களை எண்ணினாள். எழுபத்திரண்டு.

"மூணு வருஷத்துக்கு எத்தனை மாசம்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"முப்பத்தாறு."

"அப்போ மாசம் ரெண்டு டைல். நாம குடுக்க வேண்டிய பாதி விலையை இந்த டைலுக்கெல்லாம் சமமா பங்கு போட்டுட்டேன். ஒரு டைலோட விலை இது." ஒரு தொகையைச் சொன்னாள். "மாசம் ரெண்டு வாங்கணும். எது வேணும்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

சிவப்பு நகப்பூச்சு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். வாங்கிய டைலின் மூலையில் ஒரு பொட்டு வைப்பது ஏற்பாடு.

அப்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துணிக்கடைக்குள் விட்ட குழந்தை மாதிரி அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து தடவிப் பார்த்தார். கடைசியில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக அந்த மனிதரைச் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் சேர்க்கப் பிறந்தவர் இல்லை, வாங்கப் பிறந்தவர். என் தங்கை அவரை வாங்க விட்டாள்.

அவள் தன் பங்கைச் சம்பளம் வந்த அன்றே வங்கியில் கட்டிவிடுவாள். அவர் தினமும் கல்லாவில் இருந்து ஒரு தொகையை எடுத்து அவளிடம் தருவார். மாதத்தின் முதல் ஞாயிறு டைல் வாங்கும் நாள். என் தங்கை வீட்டில் மளிகைக்காரருக்கு முன்னால் டைல்காரர் வந்துவிடுகிறார் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் கவலைப்படவில்லை. மெஷின் கொண்டுவரும் பெண்களிடம், "அம்மா, உங்க மெஷின் நிக்கிறது என் சொந்த இடத்துல" என்பார். பொட்டு இல்லாத டைலை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்பார். கையில் பெல்ட்டையும் ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு அவர் பாண்டி ஆடுவதைப் பார்க்க, முடிவெட்ட வந்தவர்கள் அரைத் தலையோடு எழுந்து போவார்கள்.

அட்டைப் பெட்டிகள் வருவது நின்றது. பெரிய ஆளாக வேண்டும் என்ற பேச்சும் நின்றது. "எப்படிப் போகுது மாப்ள?" என்று கேட்டால், "கதவு வரைக்கும் வந்துட்டேன் மச்சான்" என்பார். எவ்வளவு, எப்போது என்ற கேள்விக்கு அவர் காலடியிலேயே பதில் இருந்தது.

ஆனால் அவரவர் புத்தி அவரவரை விடாது. நல்ல டைலாகப் பார்த்துப் பார்த்து வாங்கியவர், மூன்றாவது வருஷக் கடைசியில் போய் வடிகால் மூலையில் மாட்டிக்கொண்டார். அங்கே எட்டு டைல் மிச்சம். ஒன்று விரிசல், இரண்டு மூலை உடைந்தது, எல்லாமே பாசி. திறக்கிற மெஷினில் இருந்து வழியும் அழுக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும்.

"இதுக்கும் அதே விலையா மச்சான்? அநியாயமா இல்ல?" என்று என்னிடம் வந்து புலம்பினார்.

"டாக்டர்கிட்டச் சொல்லி சொத்தைப் பல் கணக்குல தள்ளுபடி கேளுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு மாதம் பாக்கி, எட்டு டைல் பாக்கி. கணக்கு சரியாகத்தான் இருந்தது, மனசுதான் இல்லை. அந்த மாதம் முதல் ஞாயிறு வந்தது, கல்லாக் காசைத் தானே வைத்துக்கொண்டார், டைல் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு மசாஜ் நாற்காலி இறங்கியது. பழசுதான், ஆனால் யானைக்குட்டி அளவு.

சாயங்காலம் மருந்துக் கடையில் இருந்து என் தங்கை வந்தாள். நான் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது, இன்னொரு கன்னத்தில் நுரை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். சத்தமே வராதது பயமாக இருந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு ஓடினேன்.

"என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொன்னார்.

"ரெண்டு டைல்."

"உனக்காகத்தான் வாங்கினேன். தெனமும் கால் வலிக்குதுன்னு சொல்றியே. இதுல உக்காந்தா கால் பாதம் வரைக்கும் அமுக்கி விடும்."

அவர் பொய் சொல்லவில்லை. அவள் மேல் அவருக்கு உயிர். அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. என் தங்கை நாற்காலியைப் பார்க்கவே இல்லை. வடிகால் மூலைக்குப் போய், அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு மெஷின் டிரம் மேல் உட்கார்ந்தாள்.

"கால் அமுக்கணும்னு நான் கேட்டேனா? எனக்கு நிக்காம வேலை செய்யணும். அதுதான் என் ஆசை."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கத்தியைப் பார்த்தேன். நானும்தான் கேட்டதில்லை.

"இந்த மூலையிலதான் குழாய் இருக்கு, வடிகால் இருக்கு" என்றாள். "பழைய மெஷின் ரெண்டு வாங்கி நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா இங்க வச்சு தெருத் துணியெல்லாம் துவச்சுக் குடுப்பேன். பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்குவேன். மருந்துக் கடையை விட்டுடுவேன். மூணு வருஷமா நான் பணம் கட்டுறதே இந்த எட்டு டைலுக்குத்தான். மத்ததெல்லாம் உங்களுது. நீங்க இதைக் கடைசிக்குத் தள்ளத் தள்ள, யாரும் கேக்காத டைல், பத்திரமா இருக்கட்டும்னு சந்தோஷமா இருந்தேன்."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. நான் என் கடைக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஆள் ஒரு கன்னத்து நுரை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார், எங்கே போனாய் என்று கேட்கவில்லை. சுவர் மெல்லிசு.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது மாப்பிள்ளை வடிகால் மூலையில் மண்டியிட்டு உட்கார்ந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"மச்சான், நாற்காலியை விக்கணும். வித்தவன் திரும்ப எடுக்க மாட்டேங்குறான்."

அதை நான்தான் வாங்கினேன். பாசத்தில் வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சும்மா ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. கூடப் பிறந்தவன் ஆயிற்றே, கொஞ்சம் குறைத்துக்கொள் என்றேன். என் தங்கை ஒரு காசு குறைக்கவில்லை. பணத்தை எண்ணி வாங்கி அன்றைக்கே இரண்டு பொட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதமும் அந்த மனிதர் வாங்கிய வேகத்தை என்னால் மறக்க முடியாது. விரிசல் விழுந்த டைலை அவர் தொட்டுப் பார்த்த விதத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்ததைக்கூடத் தொட்டதில்லை. தொலைநோக்கி போயிற்று, மீன் தொட்டி போயிற்று. அவற்றை விற்ற காசில் இரண்டு பழைய மெஷின் வந்தன. ராப்பகலாக உட்கார்ந்து பேரிங் மாற்றி, மோட்டார் கழற்றி, இரண்டையும் புதுப்பெண் மாதிரி ஆக்கினார். டாக்டர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுபத்திரண்டும் சிவந்தன. மீதிப் பாதியை வங்கி சொன்னபடி கடனாகத் தந்தது.

பத்திரம் பதிகிற இடத்தில் எழுத்தர் கேட்டார், "யார் பேர்ல?"

"ரெண்டு பேர் பேர்லயும். அவ பேரை முதல்ல எழுதுங்க" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டுச் சந்தோஷத்தில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். டாக்டர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, "அந்தக் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் அடைச்சிடுங்க" என்றார். என் தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். நான் இருமல் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவள் தன் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முதல் வாடிக்கையாளர் நான். சலூன் துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே எடை போட்டாள், உட்கார்ந்தபடியே பில் எழுதினாள். பார்க்கக் கண் கொள்ளவில்லை. பில்லைப் பார்த்ததும்தான் கண் கொண்டது.

"அண்ணனுக்கே முழு ரேட்டா?"

"அண்ணன்னு தள்ளுபடி குடுத்தா பக்கத்து ரூமை எப்படிண்ணே வாங்குறது?"

"எந்தப் பக்கத்து ரூம்?"

முகவாயால் சுவரைக் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் என் சலூன்.

"டாக்டர்கிட்ட ஃபோன்ல பேசிட்டேன். அஞ்சு வருஷம் டைம் குடுத்திருக்காரு. நீ வாங்குறதா இருந்தா இப்பவே சொல்லிடு, உனக்கு விட்டுக் குடுத்துடுறேன். இல்லேன்னா நான் வாங்கிக்கிறேன். பயப்படாத, வாடகை ஏத்த மாட்டேன்."

மாப்பிள்ளை மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரிக்கிற சத்தம் டிரம்முக்குள் எதிரொலித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டவள் இன்று ஒரு அறைக்கு ஆசைப்படுகிறாள், அதுவும் தேதியோடு. இப்படி ஒரு தங்கை எனக்கு இருக்கிறாள் என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

கடைக்கு வந்தேன். மசாஜ் நாற்காலியில் ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்து தூங்கிப்போயிருந்தார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஓரத்தில் மண்டியிட்டேன். அவர் விழித்துக்கொண்டார்.

"என்ன தேடுறீங்க?"

"எதையும் தேடல, எண்ணிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றேன்.